லான் சேனி: மேக்கப்புக்குப் பின்னால் இருந்த நடிகர்

“மௌனப் படக் காலத்து லான் சேனியைப் பற்றி எங்கே படித்தாலும் ‘ஆயிரம் முகங்கள் கொண்டவர்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். கோரமான மேக்கப் போட்டுப் பயமுறுத்தியதைத் தாண்டி நடிகராக அவர் என்ன செய்தார்? அவர் வாழ்க்கை எப்படிப்பட்டது? முதலில் எந்தப் படம் பார்க்கலாம்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1927-இல் வந்த ‘தி அன்நோன்’ பாருங்கள். டாட் பிரௌனிங் இயக்கிய படம். ஸ்பெயினில் ஒரு சர்க்கஸ். அங்கே கைகள் இல்லாத அலோன்ஸோ காலால் கத்தி வீசிப் பிழைக்கிறான். உண்மையில் அவனுக்கு இரண்டு கையும் இருக்கிறது. ஒரு கையில் கட்டைவிரல் இரட்டையாக இருக்கும், ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். போலீஸிடமிருந்து தப்பிக்க, தினமும் ஒரு கச்சையை இறுக்கிக் கட்டிக் கைகளை உடம்போடு மறைத்து வைக்கிறான். அவன் உயிராய் நினைக்கும் பெண் நானோன். ஜோன் கிராஃபோர்ட் நடித்திருக்கிறார், அவர் பெரிய நட்சத்திரமாவதற்கு முந்தைய படம். நானோனுக்கு ஆண்களின் கை மேலே பட்டாலே உடம்பு கூசும். கையில்லாத அலோன்ஸோவிடம் மட்டும் பயமில்லாமல் பழகுகிறாள்.

நடுவில் ஒரு காட்சி வரும். ராத்திரி, கச்சையைக் கழற்றிவிட்டு அலோன்ஸோ உட்கார்ந்திருக்கிறான். கைகள் இரண்டும் விடுதலையாகித் தொங்குகின்றன. மனம் எங்கேயோ இருக்கிறது. யோசித்துக்கொண்டே காலை நீட்டி சிகரெட்டை எடுக்கிறான், காலாலேயே பற்றவைக்கிறான், காலாலேயே புகைக்கிறான். பக்கத்தில் இருக்கும் கூட்டாளி சிரிக்கிறான்: கை இருப்பதையே மறந்துவிட்டாயே! அலோன்ஸோ தன் கால்களைப் பார்க்கிறான், பிறகு கைகளைப் பார்க்கிறான். முதலில் வியப்பு, அப்புறம் ஒரு சின்னச் சிரிப்பு, அதற்குள்ளிருந்து மெல்ல ஒரு பயங்கரமான யோசனை எழுந்து வருகிறது. அந்த யோசனை என்ன என்று நான் சொல்லப்போவதில்லை. டைட்டில் கார்டு, அதாவது திரையில் எழுத்தாக வரும் வசனம், வந்து சொல்வதற்கு முன்பே அந்த முகத்தில் நீங்களே படித்துவிடுவீர்கள். ஒட்டுமூக்கு இல்லை, பொய்ப்பல் இல்லை, பஞ்சு இல்லை, வெறும் முகம்.

காலால் செய்யும் நுணுக்கமான வேலைகளை பால் டெஸ்மியூக் என்ற, நிஜமாகவே கைகள் இல்லாத ஒருவர்தான் செய்தார். பல ஷாட்டுகளில் முகமும் உடம்பும் சேனி, கால்கள் டெஸ்மியூக். இரண்டு பேர் சேர்ந்து ஒரே மனிதனாகத் தெரிய வேண்டும். கால் சிகரெட்டை உதட்டுக்குக் கொண்டுவரும் வேகமும், அதை வாங்க உதடு குவியும் நேரமும் ஒட்டிப்போக வேண்டும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அதில் பிசிறு தெரியவில்லை. கவனத்தைக் குவித்து நடிப்பது என்றால் என்ன என்பதைச் சேனியைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டதாகப் பின்னாளில் கிராஃபோர்டே சொல்லியிருக்கிறார்.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதிலும் இந்தக் காட்சிதான். சேனியின் மூலதனம் மேக்கப் பெட்டி இல்லை. பேச்சே இல்லாமல், உடம்பாலும் கையாலும் முகத்தாலும் ஒருவருக்கு ஒரு விஷயத்தைப் புரியவைக்கும் திறமைதான் அவர் மூலதனம். அதை அவர் ஸ்டூடியோவில் கற்கவில்லை, வீட்டில் கற்றார்.

சேனி பிறந்தது 1883 ஏப்ரல் 1, அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில். அப்பா ஃப்ராங்க், முடிதிருத்தும் தொழில். அம்மா எம்மா. இரண்டு பேருக்குமே காது கேட்காது. அம்மாவைப் பெற்ற தாத்தா ஜோனதன் கென்னடிதான் 1874-இல் அதே ஊரில் காது கேளாத குழந்தைகளுக்கென்று பள்ளி தொடங்கியவர், அவருடைய பிள்ளைகளில் பலருக்குக் காது கேட்காது என்பதால். அந்தப் பள்ளி இன்றைக்கும் நடக்கிறது. ஆக, சேனிக்கு முதல் மொழி விரல்களில் வந்தது.

பையனுக்கு ஒன்பது பத்து வயது இருக்கும்போது அம்மா மூட்டுவாதத்தில் படுக்கையில் விழுந்தார். பள்ளிக்கூடம் நின்றது. அம்மாவைப் பார்த்துக்கொள்வதும், அன்றன்று வெளியே நடந்ததை அவருக்கு நடித்துக் காட்டுவதும் அவன் வேலையானது. ஒரு நிமிஷம் அதை நினைத்துப் பாருங்கள். தெருவில் போன தபால்காரர் எப்படி நடந்தார், கடைக்காரர் எப்படிக் கோபப்பட்டார், பக்கத்து வீட்டம்மா எப்படிக் குனிந்து கோலூன்றிப் போனார் என்று எல்லாவற்றையும் ஒரு குழந்தை தன் உடம்பில் வாங்கிக்கொண்டு வந்து கட்டிலருகே நின்று காட்ட வேண்டும். வாத நோயில் விரல் மடங்காத அம்மாவால் திருப்பிச் சைகை காட்டுவதும் கஷ்டம். அவர் கண்ணில் தெரியும் மாற்றத்தை வைத்துத்தான் புரிந்ததா இல்லையா என்று பையன் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த நடிப்புப் பள்ளியிலும் இப்படி ஒரு பயிற்சி கிடைக்காது.

நாம் தமிழில் ‘ஊமைப் படம்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்த வார்த்தையில் ஏதோ ஒரு குறை இருப்பது போன்ற தொனி இருக்கிறது. சேனியைப் பார்க்க ஆரம்பித்த பிறகு நான் ‘மௌனப் படம்’ என்றுதான் எழுதுகிறேன். அவர் வீட்டில் மௌனம் பேச்சுக்குக் குறைவான ஒன்றாக இருந்ததே இல்லை.

அடுத்த பத்துப் பதினைந்து வருஷம் நாடகக் கொட்டகை வாழ்க்கை. மேடைக்குப் பின்னால் சாமான் தூக்கும் பையனாக நுழைந்து, காட்சித் திரைகளை மாற்றி, ஆடி, பாடி, நடனம் அமைத்து, கம்பெனியோடு ஊர் ஊராகச் சுற்றினார். அவர் அப்போது கோமாளி, ஆட்டக்காரர். பின்னாளில் உலகத்தையே பயமுறுத்தியவர் சிரிக்கவைக்கத்தான் தொழிலுக்கு வந்தார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தச் சுற்றில்தான் ஓக்லஹோமாவில் கிளீவா கிரெய்ட்டன் என்ற இளம் பாடகியைச் சந்தித்து மணந்தார். 1906-இல் மகன் பிறந்தான். கிளீவாவின் குரல் நன்றாக எடுபட்டது, வாய்ப்புகள் வந்தன. வீட்டில் சண்டையும் வளர்ந்தது.

1913 ஏப்ரலில், லாஸ் ஏஞ்சலஸ் மெஜஸ்டிக் தியேட்டரில் சேனி ஒரு நாடகக் குழுவின் மேடை நிர்வாகியாக இருந்தபோது, கிளீவா அங்கேயே வந்து விஷம் குடித்தார். உயிர் பிழைத்துக்கொண்டார், ஆனால் தொண்டை கெட்டு, பாட்டு அதோடு போனது. விவாகரத்து, பத்திரிகைகளில் அவதூறு, நாடகக் கம்பெனிகளில் வேலை கிடைக்காத நிலை. சினிமா அப்போது நாடகக்காரர்கள் மதிக்கிற இடமில்லை, வேறு வழியில்லாதவர்கள் போய்ச் சேரும் இடம். சேனி அங்கேதான் போனார். இந்த இடத்தில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்ல எனக்கு விருப்பமில்லை. கிளீவாவைக் குடிகாரி என்று ஒரே வரியில் முடித்துவிடும் கட்டுரைகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. இருபத்தைந்து வயதுகூட ஆகாத ஒரு பெண் தன் குரலை இழந்த கதையும் அது.

யுனிவர்சல் ஸ்டூடியோவில் ஆரம்ப நாட்களில் தினக்கூலி நடிகர்கள் காலையில் வரிசையில் நிற்பார்கள். உதவி இயக்குநர் வந்து, இன்றைக்கு ஒரு கிழவன் வேண்டும், ஒரு கடற்கொள்ளைக்காரன் வேண்டும் என்று கேட்பார். கேட்ட வேஷத்தைத் தானே போட்டுக்கொண்டு நிற்கத் தெரிந்தவனுக்கு அன்றைய கூலி நிச்சயம். சேனியின் மேக்கப் பிறந்தது அங்கே, வயிற்றுப்பாட்டுக்காக. ஜோசப் டி கிராஸ், ஐடா மே பார்க் என்ற இயக்குநர் தம்பதியர் அவருக்குத் தொடர்ந்து நல்ல வேஷங்கள் கொடுத்தார்கள். 1915-இல் ஹேசல் ஹேஸ்டிங்ஸை மணந்து, வெளியே வளர்ந்துகொண்டிருந்த மகனை வீட்டுக்குக் கூட்டிவந்தார். ஐந்து வருஷம் உழைத்தபின் சம்பள உயர்வு கேட்டபோது, வாரத்துக்கு 100 டாலருக்கு மேல் உனக்குத் தகுதி வராது என்று ஸ்டூடியோ மேலாளர் சொல்லிவிட்டாராம். சேனி வெளியேறினார்.

1919-இல் ‘தி மிராக்கிள் மேன்’ அவர் தலையெழுத்தை மாற்றியது. ஜார்ஜ் லோன் டக்கர் இயக்கியது. ஊருக்குப் பொய் அற்புதம் காட்டிப் பணம் பறிக்கும் கும்பல். அதில் சேனி ‘தவளை’ என்ற பட்டப்பெயர் கொண்டவன், கைகால் முறுக்கிக்கொண்டவனாக நடித்துப் பிச்சை எடுப்பவன். கூட்டத்துக்கு நடுவே தரையில் இழுத்து இழுத்துப் போய், பார்வையற்ற ஒரு பெரியவரின் முன்னால் உடம்பை ஒவ்வொரு மூட்டாக அவிழ்த்து நிமிர்கிறான். எல்லாம் நாடகம். ஆனால் அதைப் பார்த்த ஒரு சிறுவன், நிஜமாகவே நடக்க முடியாதவன், நம்பிக்கையில் ஊன்றுகோலைப் போட்டுவிட்டு நடக்கிறான். தவளையின் முகத்தில் அப்போது வரும் திகைப்புதான் காட்சியின் உயிர். இந்தப் படம் முழுதாக இன்று இல்லை. சுமார் மூன்று நிமிஷத் துண்டுகள் தப்பியிருக்கின்றன, நல்லவேளையாக இந்தக் காட்சி அவற்றில் இருக்கிறது.

அடுத்த வருஷம் ‘தி பெனால்ட்டி’. சிறுவயதில் மருத்துவரின் தவறால் இரண்டு கால்களையும் இழந்து, வளர்ந்து சான் ஃபிரான்சிஸ்கோவின் குற்ற உலகத் தலைவனாகும் பிளிஸ்ஸார்ட். சேனி முழங்கால்களை மடக்கி, கணுக்காலைத் தொடைக்குப் பின்னால் வாரால் இழுத்துக் கட்டி, முழங்காலைத் தோல் குடுவைகளில் நுழைத்து நடந்தார். ஒரே சமயத்தில் பத்து, இருபது நிமிஷத்துக்கு மேல் அதைத் தாங்க முடியாது. ரத்தம் ஓடாது. அந்த நிலையில் அவர் ஓடுகிறார், குதிக்கிறார், சுவரில் அடித்த முளைகளைப் பிடித்துத் தோள் பலத்தாலேயே ஏறிப்போய் ஜன்னல் வழியே பார்க்கிறார். வலியைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது, அந்த மனிதன் பியானோ முன்னால் உட்கார்ந்து வாசிக்கும்போது முகத்தில் வரும் பெருமை. காலில்லாதவனாக நடிப்பது ஒரு வித்தை. அவனைப் பார்த்து நாம் பரிதாபப்படுவதற்குக்கூட இடம் கொடுக்காமல் நிமிர்ந்து உட்காருவது நடிப்பு.

‘தி ஹன்ச்பேக் ஆஃப் நோத்ர டாம்’, 1923, வாலஸ் வோர்ஸ்லி இயக்கம். பாரிஸின் நோத்ர டாம் தேவாலயத்தில் மணியடிக்கும் கூனன் குவாசிமோடோவாகச் சேனி. யுனிவர்சல் ஸ்டூடியோவுக்குத் திரும்பி வந்து, இந்த முறை அவர் கேட்ட சம்பளத்தில். நோத்ர டாம் தேவாலயத்தின் முகப்பையே செட்டாகக் கட்டினார்கள். அவர் முதுகில் கட்டிய கூன் 70 பவுண்டு எடை என்று அன்றைய விளம்பரங்கள் எழுதின. இன்றும் அதை அப்படியே திருப்பி எழுதுகிறார்கள். பிற்கால ஆய்வாளர்கள் அது அதில் பாதிகூட இருக்காது என்று காட்டியிருக்கிறார்கள். எடை குறைவு என்பதால் அவர் உழைப்பு குறைந்துவிடாது.

ஆனால் இந்தப் படத்தில் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. குவாசிமோடோவுக்குக் காது கேட்காது. மணியடித்து மணியடித்தே செவிடானவன் என்று மூலக் கதையிலேயே விக்டர் ஹ்யூகோ எழுதியிருக்கிறார். சேனி தன் தாய் தகப்பனைப் போன்ற ஒருவனை நடித்தார். கசையடிக் காட்சியைப் பாருங்கள். மேடையில் கட்டி வைத்து அடிக்கிறார்கள், கூட்டம் சிரிக்கிறது. அவனுக்குச் சத்தம் கேட்காது, வாய்கள் அசைவதுதான் தெரியும். கண் ஒவ்வொரு முகமாகத் தாவுகிறது, இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடுகிறது. தண்ணீர் கேட்கிறான், யாரும் தரவில்லை. எஸ்மரால்டா என்ற நாடோடிப் பெண் படியேறி வந்து குடுவையை வாயருகே வைக்கும்போது, முதலில் அடிக்கத்தான் வருகிறாள் என்று ஒதுங்குகிறான். ஒரு மனிதனை இதுவரை உலகம் எப்படி நடத்தியிருக்கிறது என்பது அந்த ஒதுங்கலில் இருக்கிறது. அவ்வளவு மெழுகுக்கும் பஞ்சுக்கும் அடியிலிருந்து ஒரே ஒரு கண்ணை வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறார்.

மேக்கப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிலும் அவர் பெரிய ஆள்தான். இன்று முகத்தை அச்செடுத்து, நுரை ரப்பரில் வார்த்து, அப்படியே ஒட்டுகிறார்கள். அந்த நுரை லேடெக்ஸ் சேனி இறந்த பிறகுதான் சினிமாவுக்கு வந்தது. அவர் கையில் இருந்தவை கிரீஸ் பெயின்ட், மூக்கு ஒட்டும் மெழுகு, ஸ்பிரிட் கம் என்ற பசை, பஞ்சு, கொலோடியன். கொலோடியன் என்பது தடவினால் காய்ந்து தோலைச் சுருக்கி இழுக்கும் ஒரு திரவம், தழும்பு காட்ட உதவும். பஞ்சையும் கொலோடியனையும் அடுக்கி அடுக்கிக் கன்ன எலும்பை உயர்த்துவார். அச்சு கிடையாது என்பதால், நேற்று செய்த அதே முகத்தை இன்று காலை மறுபடி கையாலேயே கட்ட வேண்டும், இம்மியும் மாறக்கூடாது. அன்றைய ஃபிலிம் சுருள் வேறு சிவப்பைக் கறுப்பாகவும் நீலத்தை வெளுப்பாகவும் காட்டும். கண்ணாடியில் தெரிவது ஒன்று, திரையில் விழுவது இன்னொன்று. இரண்டையும் மனதில் வைத்துத் தூரிகை பிடிக்க வேண்டும். 1929-இல் வந்த என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்காவின் 14-ஆம் பதிப்பில் மேக்கப் பற்றிய பகுதியை அவரிடம்தான் கேட்டு வாங்கினார்கள். அவருடைய பெட்டி லாஸ் ஏஞ்சலஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

‘தி ஃபேன்டம் ஆஃப் தி ஓப்ரா’ (1925) பற்றி நீங்களே நிறையப் படித்திருப்பீர்கள். முகமூடியைக் கிழிக்கும் காட்சியின் அமைப்பை மட்டும் கவனியுங்கள். ஓப்ரா அரங்கின் அடியில் ஒளிந்து வாழும், முகம் கோரமான ஃபேன்டம் ஆர்கன் வாசித்துக்கொண்டு நம்மைப் பார்த்தபடி இருக்கிறான், அவன் விரும்பும் பாடகி கிறிஸ்டீன் பின்னால் நிற்கிறாள். கை நீட்டுகிறாள், பின்வாங்குகிறாள், மறுபடி நீட்டிப் பிடுங்குகிறாள். அந்த முகத்தை அவளுக்கு முன்பே நாம் பார்த்துவிடுகிறோம். பிறகு அவன் திரும்ப, அவள் பார்ப்பதை நாம் பார்க்கிறோம். இரண்டு முறை அதிர்ச்சி. அதுவரை முகமூடிக்குள் இருந்த நேரத்தில் சேனி எதை வைத்து நடித்தார் என்றும் பாருங்கள். கைகளை வைத்துத்தான். நீட்டிய விரல்கள், தயங்கி நிற்கும் மணிக்கட்டு, அவளைத் தொடாமல் தொடப்போய் நிற்கும் உள்ளங்கை. சைகை மொழி தெரிந்த ஒருவரின் கைகள் அவை. இயக்குநர் ரூபர்ட் ஜூலியனோடு அவருக்கு ஒத்துவரவில்லை. பேச்சுவார்த்தை இல்லாமல், ஒளிப்பதிவாளர் சார்லஸ் வான் எங்கர் நடுவில் நின்று செய்தி கொண்டுபோவார். சேனி தன் காட்சிகளைத் தன் விருப்பப்படியே செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

எம்.ஜி.எம். என்ற புதிய ஸ்டூடியோ முதன்முதலில் தயாரித்த படமும் சேனியுடையதுதான்: ‘ஹீ ஹூ கெட்ஸ் ஸ்லாப்டு’ (1924). ஸ்வீடனிலிருந்து வந்த விக்டர் சியோஸ்ட்ரோம் இயக்கியது. தன் ஆராய்ச்சியையும் மனைவியையும் ஒரு பிரபுவிடம் பறிகொடுத்து, அறிஞர்கள் சபையில் எல்லாரும் பார்க்க அறை வாங்கிய விஞ்ஞானி. சபையே சிரிக்கிறது. அவன் சர்க்கஸுக்குப் போய், தினமும் அறை வாங்குவதையே தொழிலாகக் கொண்ட கோமாளியாகிறான். என் கணக்கில் சேனியின் மிக ஆழமான வேஷம் இது. பயங்கரம் எதுவும் இல்லாததால் பயப் படப் பட்டியல்களில் இது வருவதில்லை. அதனாலேயே பலர் பார்க்காமல் விடுகிறார்கள்.

அதே மாதிரி 1926-இல் ‘டெல் இட் டு தி மரீன்ஸ்’. மேக்கப்பே கிடையாது. கண்டிப்பான, உள்ளுக்குள் இளகிய கடற்படைச் சிப்பாய்ப் பிரிவின் சார்ஜன்ட். எம்.ஜி.எம். காலத்தில் அவருக்குக் கிடைத்த பெரிய வசூல் இதுதான். மரீன் படையினர் அவரைக் கௌரவ உறுப்பினராகவே சேர்த்துக்கொண்டார்கள். “ஆயிரம் முகம்” என்ற பட்டம் அவருடைய சொந்த முகத்தை மறைத்துவிட்டது என்று நான் நினைப்பது இந்தப் படத்தால்தான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ‘ஷேடோஸ்’ (1922), ‘மிஸ்டர் வூ’ (1927) போன்றவற்றில் அவர் சீனர்களாக வேஷம் போட்டார். சீன நடிகர்களுக்கு முக்கிய வேடம் கொடுக்க ஹாலிவுட் மறுத்த காலம் அது. கண்ணை இழுத்து ஒட்டிய அந்த முகத்தை இன்று பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. இருக்க வேண்டும். உடல் ஊனமுற்றவர்களை அவர் நடித்த விதம் பற்றியும் இன்று நியாயமான கேள்விகள் உண்டு. பிரௌனிங் படங்களில் ஊனமும் வன்மமும் ஒன்றாகவே வருகின்றன. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. ஆனாலும் அந்த மனிதர்களுக்குச் சேனி ஆசையையும் அவமானத்தையும் கோபத்தையும் கொடுத்தார். மற்ற நடிகர்கள் அவர்களை வெறும் பூச்சாண்டியாகவே விட்டிருப்பார்கள்.

படப்பிடிப்பு இல்லாத நாட்களில் அவர் யார் கண்ணிலும் பட மாட்டார். விருந்துகளுக்குப் போக மாட்டார், பேட்டி கொடுக்க மாட்டார். படங்களுக்கு நடுவே லான் சேனி என்று ஒருவர் இல்லை என்பது அவரே சொன்னது. மலைக்குப் போய் மீன் பிடிப்பார். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில், பால் ஆர். வில்லியம்ஸ் என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர் அவருக்குக் கட்டிக்கொடுத்த கல்வீடு இன்னும் நிற்கிறது. ஊருக்குள் மக்கள், “அந்தச் சிலந்தியை மிதிக்காதே, லான் சேனியாக இருக்கப்போகிறது” என்று சொல்லிச் சிரிக்கும் அளவுக்குப் பெயர் பரவியிருந்தது. ஸ்டூடியோவில் தச்சர்களும் விளக்குக்காரர்களும் அவருக்கு நண்பர்கள், அவரும் கொட்டகையில் சாமான் தூக்கி வந்தவர்தானே. ‘லாஃப், க்ளவுன், லாஃப்’ (1928) படத்தில் கதாநாயகியாக வந்த லொரெட்டா யங்குக்கு அப்போது 14 வயதுதான். இயக்குநர் ஹெர்பர்ட் ப்ரெனன் கடுமையாகத் திட்டுவார். சேனி செட்டைவிட்டு நகராமல் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டதை யங் வாழ்நாள் முழுக்க நன்றியோடு சொன்னார்.

பேசும் படம் வந்தபோது சேனி அவசரப்படவில்லை. எம்.ஜி.எம். நட்சத்திரங்களில் கடைசி வரிசையில்தான் வாய் திறந்தார். ஆயிரம் முகம் கொண்டவருக்கு ஒரே குரலா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே. 1925-இல் மௌனப் படமாக வந்த ‘தி அன்ஹோலி த்ரீ’ கதையையே மறுபடி எடுத்தார்கள். பொம்மையைப் பேசவைக்கும் வித்தைக்காரன், கிழவி வேஷம் போட்டுத் திருடுபவன். 1930 படத்தில் வித்தைக்காரன், கிழவி, பொம்மை, கிளி, ஒரு பெண் என ஐந்து குரல்களையும் அவரே பேசினார். எல்லாம் என் குரல்தான் என்று சத்தியப் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். படம் ஜூலையில் வந்தது. நன்றாக ஓடியது.

அதற்குள் நோய் முற்றியிருந்தது. முந்தைய வருஷம் ‘தண்டர்’ படத்துக்காக விஸ்கான்சின் பனியில் நடித்தபோது விழுந்த சளி, நிமோனியாவாகி விடாமல் பிடித்துக்கொண்டது. செட்டில் போலிப் பனியாகத் தூவிய சோளத் துணுக்கு தொண்டையில் சிக்கியதுதான் காரணம் என்ற கதை இன்றும் உலவுகிறது. அவருக்கு இருந்தது நுரையீரல் குழாயில் புற்றுநோய். கடைசி நாட்களில் தொண்டையில் ரத்தக் கசிவு ஏற்பட்டுப் பேச்சு நின்றுபோனது. சின்ன வயதில் அம்மாவின் கட்டிலருகே நின்று பேசிய அதே கைகளால்தான் சுற்றியிருந்தவர்களிடம் பேசினார். 1930 ஆகஸ்ட் 26, வயது 47. மரீன் படை மரியாதைக் காவலையும் பாதிரியாரையும் அனுப்பியது. கிளெண்டேலில் உள்ள ஃபாரஸ்ட் லான் கல்லறையில் அடக்கம். அந்த இடத்தில் பெயர் பொறித்திருக்காது.

நடிக்க வர வேண்டாம் என்று அவர் தடுத்து வைத்திருந்த மகன் கிரெய்ட்டன், அப்பா போன பிறகு சினிமாவுக்கு வந்து, லான் சேனி ஜூனியர் என்ற பெயரில் 1941-இல் ‘தி வுல்ஃப் மேன்’ படத்தின் ஓநாய் மனிதன் ஆனார். அது தனிக் கதை.

சேனி நடித்தவை 150 படங்களுக்கு மேல். அதில் பெரும்பகுதி இன்று எங்கும் இல்லை. அன்றைய படங்கள் பதிவான நைட்ரேட் சுருள் தானாக மக்கும், தீப்பிடிக்கும். ஓடி முடிந்த படத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று ஸ்டூடியோக்களும் நினைக்கவில்லை. ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ (1927) படத்தின் கடைசிப் பிரதி 1965-இல் எம்.ஜி.எம். கிடங்குத் தீயில் போனது. கூரிய பல்லும் உயரத் தொப்பியுமாக அவர் நிற்கும் புகைப்படங்கள் மட்டும் மிச்சம். ‘தி அன்நோன்’ படமும் பல ஆண்டுகள் தொலைந்ததாகவே கருதப்பட்டது. பாரிஸ் திரைப்படக் காப்பகத்தில் பெயர் தெரியாத படப் பெட்டிகளில் எல்லாம் ‘அறியப்படாதது’ என்று பிரெஞ்சில் எழுதி அடுக்கியிருந்தார்கள். இந்தப் படத்தின் பெயரே அதுதான் என்பதால், நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவே 1968 வரை யாருக்கும் தெரியாமல் கிடந்தது.

ஆகவே, ‘தி அன்நோன்’, பிறகு ‘ஹீ ஹூ கெட்ஸ் ஸ்லாப்டு’, பிறகு கூனன், கடைசியாக ஃபேன்டம். இந்த வரிசையில் போங்கள். இந்த நான்கும் அமெரிக்காவில் காப்புரிமை முடிந்தவை, இணையத்தில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் கண்ட பிரதியையும் பார்க்காதீர்கள். வேகம் தப்பாக இருந்தால் ஆட்கள் குடுகுடுவென்று ஓடுவார்கள், சேனியின் நிதானம் எல்லாம் பாழாகிவிடும். மீட்டெடுத்த பிரதி என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். பல பதிப்புகளில் சம்பந்தமே இல்லாத பியானோவை ஒட்டியிருப்பார்கள். கசையடிக் காட்சியும் காலால் சிகரெட் பிடிக்கும் காட்சியும் வரும்போது ஒலியை முழுதாக அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள்.